கையோட கொண்டு போற மாதிரி ஒண்ணு

– இந்த டேப்லெட் எடையே இல்ல மேடம். பொண்ணு பையில போட்டா, போட்டதே தெரியாது.

– எடை கெடக்கட்டும்மா. சிம் போடலாமா, அதைச் சொல்லு. குட்டி எங்கிட்ட இல்லாத மூணு நாளும் நான் அவகூடப் பேசணும்.

– நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சிம் வேணாம்னு அவங்ககிட்டச் சொல்லிடும்மா. பாப்பு என் வீட்டுல இருக்கறதே மூணு நாள். அதுலயும் போன் அடிச்சுட்டே இருந்தா அவ எப்பப் படிக்கிறது?

– சார், மேடம் உங்க பக்கத்துலதான் நிக்கறாங்க. நீங்களே சொல்லலாமே.

– நாங்க பேசி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. கடைசியா கோர்ட்டுல. அங்கயும் வக்கீலுங்கதான் பேசினாங்க.

– தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பொண்ணு எங்க உக்காந்து படிக்கும்னு தெரிஞ்சாதான் நான் சரியானதை எடுத்துத் தர முடியும்.

– ஏழாங் கிளாஸ் படிக்கறா. நாலு நாள் என் வீடு, மூணு நாள் இவர் வீடு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். கணக்குப் புத்தகம் அங்க கெடக்கும், இங்க இவ பரீட்சைக்குக் கெளம்பி நிப்பா. இந்தத் தடவை மூணு பாடத்துல போச்சு. முழுப் பரீட்சையிலயும் இப்படின்னா எட்டாங் கிளாஸ்ல திண்டாடிப் போயிடுவான்னு டீச்சர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு மானத்தை வாங்கிட்டாங்க. "எல்லாப் பாடத்தையும் போட்டு, கையோட கொண்டு போற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க"ன்னாங்க.

– டீச்சர் இன்னொண்ணும் கேட்டாங்களே, அதை விட்டுட்டாங்க பாரு. "வீட்டுல யாரு படிக்க வைக்கிறது"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பாப்பு எங்கிட்ட, "அம்மா வீட்டுலயே படிச்சுட்டேம்ப்பா"ன்னுதான் சொல்லுவா.

– பார்த்தியாம்மா? எங்கிட்ட, "அப்பா வீட்டுல படிச்சுக்கறேம்மா"ம்பா!

– பெருசா, கீபோர்டு வச்சதா எடும்மா. என் மேசையில வச்சு ஒழுங்கா உக்காந்து படிக்கட்டும். அவங்க வீட்டுக்கும் கொண்டு போகட்டும், யாரு வேணாம்னா? பாஸ்வேர்டு மட்டும் எங்கிட்ட இருக்கும்.

– பார்த்தியாம்மா? புள்ளையைப் பங்கு போட்டாச்சு. இப்ப பாஸ்வேர்டுல நிக்குது.

– சார், கவர் மேல பொண்ணு போட்டோ போட்டுத் தருவோம். படம் ஏதாவது இருக்கா?

– இந்தா. போன மாசம் எடுத்தது.

– சார்... இந்தப் பொண்ணா?

– ஏன், தெரியுமா?

– நம்ம மூட்டை! தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். முதுகைவிடப் பெரிய பை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் வரும்.

– வியாழக்கிழமையா? அன்னிக்குத்தானே எதுத்தாப்புல பஸ் ஸ்டாண்டுல அவளை விடுவேன். அங்கேருந்து இவர் கூட்டிட்டுப் போகணும்.

– எத்தனை மணிக்கு விடறாங்கன்னு கேளும்மா.

– நாலரைக்கு. சிலர் மூஞ்சியில முழிக்க வேணாம்னு முன்னாடியே விட்டுட்டுப் போயிடுவேன்.

– நாலரைக்கா? கோர்ட்டு சொன்னது அஞ்சு மணிடீ!

– நீங்க அஞ்சுக்கு வந்துடறீங்களாக்கும்?

– நீ அங்க நிப்பேன்னுதான் ஆறு மணிக்கு வருவேன்.

– ஆறா? அப்ப ஒன்றரை மணி நேரம்... புள்ள வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலையே! பெத்தவளா நான்?

– நீ மட்டுமா? எங்கிட்டயும்தான் சொல்லல.

– அழாதீங்க மேடம். இங்கதான் இருக்கும். மொதல் நாள் மழைக்கு ஒதுங்குச்சு. அப்புறம் ஒரு டேப்லெட்டைக் காட்டி, "இதைத் தொட்டுப் பாக்கலாமாக்கா"ன்னு கேட்டுது. அதுல பள்ளிக்கூடத்துப் பாடத்தைத் தெறந்து வச்சுட்டு, ஆறு மணி வரைக்கும் நின்னுட்டே படிக்கும். எங்க மேனேஜர் முறைப்பாரு, நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சுடுவேன்.

– அப்ப அவளுக்கு எது பிடிக்கும்னு உனக்குத் தெரியும்! அதையே எடும்மா. சிம்மும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

– ஆமா, பாப்புக்குப் பிடிச்சதே இருக்கட்டும். பாஸ்வேர்டையும் அவளே வச்சுக்கட்டும்.

– அது வர்றவங்க தொட்டுப் பாக்க வச்சது, விக்கறதில்ல சார். அதோ, தூணுக்குப் பக்கத்துல சங்கிலி போட்டு மேசையோட பூட்டி வச்சிருக்கோமே, அதுதான்.

– அதே மாதிரி புதுசு இருக்கும்ல?

– இருக்கு மேடம். "இதைப் பாரு, எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம்"னு நானே ஒரு நாள் கையில குடுத்தேன். தொடவே மாட்டேன்னுடுச்சு. "எனக்கு அதுதான்க்கா வேணும், அதை மட்டும்தான் யாரும் அங்கயும் இங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது"ன்னுச்சு.