ஸ்டூலுக்கு ஓடின ஓட்டம்

"…அந்தாளு கையில இன்னா கொறஞ்சிடும்ன்றேன்? ‘நெஞ்சு வீக்கு, நிக்கக் கூடாது’ன்னு ஒரு வரி. ஒரே வரி! எழுத மாட்டேன்றாரே! ‘அங்கம்மா, உன்ன மாதிரி ஒடம்பு இந்தக் கம்பெனியிலயே இல்ல’ன்னு சிரிக்கிறாரு. யாருக்கு வேணும் இந்த ஒடம்பு?"

டாக்டர் அறைக்குள் போய் வந்த கோபத்தோடு, வெளியே கிடந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளின் தொடையில் ஓர் அடி வைத்தாள் அங்கம்மா. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் அம்பத்தூருக்கு வந்து கம்பெனி ஆட்களைப் பார்ப்பார். பக்கத்திலிருந்தவள் பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பார்வதம். நெற்றியெல்லாம் வேர்வை; மூச்சு மேலும் கீழும் இழுத்தது. அங்கம்மா அதைக் கவனித்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"நீ புச்சு, உனக்குத் தெரியாது. நம்ம பேக்கிங்ல எட்டு மணி நேரமும் நின்னுகினேதான் வேல. ஒக்காரணும்னா டாக்டர் சீட்டு வேணும். நோவுக்காரிக்கு மட்டுந்தான் ஸ்டூலு! ஏன், நோவு இல்லாதவளுக்குக் காலு வலிக்காதா? கேட்டா சூப்பர்வைசர் பக்தவத்சலம், ‘ரூல்ஸுமா’ன்றான். அவன் மட்டும் ரூல்ஸ் மேலயா குந்திகினு கீறான்? சுத்துற நாக்காலி! சரி, நோவுதானே வேணும், வாங்கிக்கலாம்னு நெனச்சேன். இன்னா பாக்குற?

"டாக்டர் வர்ற செவ்வாக்கெழம, அயனம்பாக்கத்துலேந்து இங்க வரைக்கும் ஏரிக்கரை மேலயே உட்டேன் பாரு ஓட்டம்... பொடவையத் தூக்கி இடுப்புல சொருவிகினு! மொத தபா நெஞ்சு தவுல் மாதிரி அடிக்குது. டாக்டர் கையப் புடிச்சவரு பயந்துட்டாரு, பாவம். ‘படும்மா, படு’ன்றாரு. நர்ஸம்மா வெசிறுது. எல்லாம் ஆச்சு, சீட்டு மட்டும் தரல. ‘நாலு மாசம் வாராவாரம் வா, நல்லாப் பாத்துட்டுதான் எழுதணும்’ன்னாரு. இங்கதான் நான் ஒரு யோசன பண்ணேன்..."

அங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் கேட் வரைக்கும்தான் கேட்கும்.

"மோல்டிங் மிஷினு கீதே, ஓட ஓட பேரிங்கு தேஞ்சி பூடுதா இல்லியா? அப்ப நெஞ்சும் அப்படித்தானே? செவ்வாக்கெழம மட்டும் ஓடினா பத்தாது, தெனம் ஓட்டினா சீக்கிரம் தேயும்னு... தெனம் ஓடினேன் கண்ணு! மழ வந்தா முகப்பேர்ல புச்சாக் கட்டுற அவுசிங் போர்டு மாடிப்படி. எங்க ஊட்டுக்காரரு சின்னசாமி, ‘பேயி புடிச்சிகிச்சா மே?’ன்றாரு. தெரு நாயிங்க மொதல்ல தொரத்திச்சு. அப்பறம் கூடவே ஓடியாந்துச்சு. அப்பறம் அதுங்களே நின்னுடுச்சு, முடியலன்னு!

"தேஞ்சுதுன்ற? எங்க! வாரத்துக்கு வாரம் படபடப்பு கொறையுது. வேகம் பத்தலன்னு இன்னும் வேகமா ஓடினேன். அது இன்னும் கொறையுது! படுத்தா அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம். ரெண்டு ஆளு சோறு துன்றேன். கெண்டக்காலு கல்லாட்டம் ஆயிடுச்சு, தொட்டுப் பாரு... தொடு, வெக்கம் இன்னா? இன்னிக்கி டாக்டரு என் கையப் புடிச்சாரு, வாட்ச்சப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு. வாட்ச்சு நின்னு போச்சோன்னு காதாண்ட வெச்சிப் பாத்தாரு! அம்மாம் மெதுவா அடிக்குதாம்.

"‘இன்னா சார் வியாதி?’ன்னு ஆசையா கேட்டேன். ‘வியாதியா! நெஞ்சும் சதைதாம்மா. ஓடி ஓடிப் பலமாயிடுச்சு. ஒரு அடியிலயே நெறைய ரத்தம் தள்ளுது, சும்மா சும்மா அடிக்க வேண்டியதில்ல’ன்றாரு. சின்னக் கொடம்னா பத்து நட, அண்டான்னா ரெண்டு நட... அந்தக் கணக்கு. மிஷினு ஓடினா தேயுது, மனுசி ஓடினா பலம் ஏறுதாம்! இத மொதல்லயே போர்டுல எழுதி மாட்ட வேணாமா? நாலு மாசம் என்ன ஓட உட்டுட்டு!

"பக்தவத்சலம் கதவாண்ட நின்னுகினு எல்லாத்தயும் கேட்டுட்டான். ‘அப்ப நாளேலேந்து லோடிங்குக்குப் போ, பொட்டி தூக்கு’ன்றான். ஸ்டூலு கேக்கப் போனவளுக்குப் பொட்டி!"

அங்கம்மாவின் கண்ணோரம் நனைந்தது. முந்தானையால் அதையும் ஓர் அடி அடித்துத் துடைத்தாள்.

"ஆமா, நீ இன்னாத்துக்கு வந்த? உனக்கு இன்னா நோவு? நான் வரசொல்ல மூச்சு அப்படி வாங்கிகினு இருந்த. நான் பேசின நேரத்துல எல்லாம் ஆறிப் பூட்டிருக்குமே..."

திரும்பினாள். பெஞ்சு காலி. உள்ளேயிருந்து நர்ஸ், "பார்வதம்!" என்று கூப்பிட்டாள். பார்வதமோ வெளியே, புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஆறிப்போன நெஞ்சை மறுபடி படபடக்க வைக்கத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! ஓடாதடீ! ஓடினா ஒடம்பு நல்லாயிடும்!"

நாலே எட்டில் அங்கம்மா அவளைப் பிடித்துவிட்டாள். பார்வதத்துக்கு நாக்கு வெளியே தள்ளியது. அங்கம்மாவுக்கு ஒன்றுமில்லை.

"ஓடணும்னா மேனேஜர் ரூமுக்கு ஓடு. மூணாவது மாடி. எல்லாருக்கும் ஸ்டூலு வேணும்னு கேப்போம். படி ஏறினதும் உனக்கு மூச்சு முட்டும், நீ சும்மா நில்லு. எனக்குதான் மூச்சே வாங்காதே... நான் பேசறேன்."