பின்னால் ஓடும் ஸ்டெல்லா

எண்ணூர் செல்லும் பேருந்து டோல்கேட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த வேளையில், என் முன்னிருக்கை இளைஞர் தம் நண்பரிடம் உரைத்த வாக்கியம் அனைவரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது.

"மாமு, ஸ்டெல்லாவ பின்னால ஓட வுட்டுட்டு வந்துட்டேன்!"

"இன்னாடா சொல்ற? கல்யாணப் பொண்ணையா?"

"அட, நம்ம கன்டெய்னர் யார்டு சர்வர்ல லாரி எடை போடுற புரோகிராம் கீதுல்ல, அதுக்கு அவ பேரு வெச்சிருக்கேன். நேத்து வரிக்கும் நான் லாகின்ல இருந்தாதான் ஓடும். வெளிய வந்தா செத்துடும், லாரியெல்லாம் நின்னுடும். இன்னிக்கு அத்த சர்வீஸா மாத்திட்டேன். ஆளே வேணாம், பின்னால ஓடிகினே கெடக்கும்."

"கரண்டு போச்சின்னா?"

"சர்வர் எழுந்தா கூடவே எழுந்துக்கணும். எழுந்துக்கலன்னா, மாதா கோயில்ல தாலி கட்டும்போதுகூட மடில லேப்டாப்பு வெச்சிகினுதான் குந்தணும்."

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. செய்தியைக் கேட்டவர் இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"யார்டுல கரண்டு போயி வந்துச்சாம் மாமு! யாரும் தொடல, ஸ்டெல்லா தானா எழுந்துகினா! எனக்குக் கல்யாணம்டா!"

பேருந்தே கைதட்டியது. மீன்கூடையுடன் அமர்ந்திருந்த அம்மையார் மட்டும் நிதானமாக வினவினார்.

"ஆளே வேணாம், பின்னால ஓடிகினே கெடக்கும்னியே, அதுக்குப் போயி அவ பேர வெச்சிருக்கியே நைனா, அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

இளைஞர் மெல்ல அமர்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் நண்பரிடம் கேட்டார்:

"மாமு, அதுக்கு உன் பேரு வெச்சிக்கட்டா?"