முனியாண்டிக்குப் போட்ட ஐந்து இலை

இத்தனை வருடமாக இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஓடுகிறோம். நானும் பக்கத்து வீட்டு அஞ்சலையும். பால்மரங்களுக்கு நடுவே. தூரத்தில் ஒரு 'டொப்'. பிறகு விசில் மாதிரி ஓர் இழுப்பு. பிறகு மண் எழும்புகிறது. எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி வெள்ளி. மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம்.

என் தம்பி மணியமும் இன்னும் நான்கு பேரும் காட்டில் இருந்தார்கள். வேலையை விட்டு நிறுத்திய கங்காணியை, அந்த மண்டோரை, அடித்துவிட்டு ஓடியவர்கள். பன்றி சுடும் துப்பாக்கி ஒன்றுதான் கையில். காட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆயுதமும் கட்டளையும் வாங்கும் கட்சிக்காரர்கள். தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"எங்க சண்டை மண்டோரோட மட்டும்தான் லா. ஒங்க உலகச் சண்டை எங்களுக்கு வேணாம்."

தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ராணுவ அதிகாரியிடம் பேசினார். கட்சித் தொடர்பு இல்லையென்றால் வெறும் அடிதடி கேஸ் என்றார் அதிகாரி. சனிக்கிழமை ஐவரும் இறங்கி வந்து சரணடைய ஏற்பாடு.

அது நல்லபடி முடியட்டும் என்று வெள்ளிக்கிழமை காட்டோரம் முனியாண்டிக்குப் படையல் போட்டேன். சாமிக்கு ஓர் இலை. அவருக்குக் காவல் நிற்கும் பரிவாரச் சாமிகள் நால்வருக்கு நான்கு. சோறு, கோழிக்கறி, கருவாடு, சுருட்டு. படைத்ததை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். எங்கள் வழக்கம் அது. வரும் வழியில் விறகு பொறுக்கினோம்.

"உப்பு போட்டியா அக்கா? போன வருசம் சாமி பத்தியம் இருந்துச்சே!" அஞ்சலை சிரித்தாள்.

ரோந்து வந்த ராணுவத்தார் இலைகளைப் பார்த்தார்கள். காட்டில் ஐந்து பேர். காட்டோரம் ஐந்து பேருக்குச் சாப்பாடு. கட்சிக்குச் சோறு போகிறது என்று முடிவு கட்டி, காட்டோரத்தைப் பார்த்துப் பீரங்கிக் குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். கிராணி பிறகு சொல்லித்தான் தெரியும்.

மறுபடியும் 'டொப்'. மேட்டிலிருந்து மணியம் ஓடி வருகிறான். கையில் துப்பாக்கி இல்லை. இரண்டு கையும் மேலே.

"அக்கா, ஓடாத! படு! மண்ணுல படு!"

படுத்தேன். அஞ்சலை படுக்கவில்லை. காது அடைத்தது. நிமிர்ந்தேன். அவன் நின்ற இடத்தில் புகை.

மறுநாள் ரேடியோ சொன்னது: அந்நியக் கட்சியின் ஆயுததாரி கொல்லப்பட்டான்.

போனது இவ்வளவு. என் தம்பி மணியம். அஞ்சலை. முனியாண்டிக் கல், இரண்டாகப் பிளந்தது. மற்ற நால்வரும் சனிக்கிழமை இறங்கி வரவில்லை. கட்சியோடு போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை சேராதவர்கள்.

படிக்கிறவர்கள் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் தம்பியை வீரனாக்க வேண்டாம். கட்சிக்காரனாகவும் ஆக்க வேண்டாம். மண்டோரை அடித்த தோட்டத்துப் பிள்ளை. அவ்வளவுதான்.