பதினான்காம் தட்டு

ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை, ஐயா. முதலில் நடுவில் ஒட்டி, கட்டைவிரலால் ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனால் குமிழி விழாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எனக்குக் கைவந்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்தும் நான் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு அவர் புதிதாக ஒன்றை ஒட்டுவார். அவர் ஒட்டியதில் குமிழி இருக்கும். "இப்ப பாரு, எப்படி இருக்கு" என்பார். நல்லா இருக்கு சார் என்பேன்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை மருந்தாளர். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நான் அவருடைய உதவியாளன். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு தட்டு உண்டு. டாக்டரின் சீட்டைப் பார்த்து மாத்திரைகளைத் தட்டில் போட்டு மூடுவது என் வேலை. அவர் மூடியைத் திறப்பார், எல்லாவற்றையும் கொட்டுவார், மறுபடி எண்ணிப் போடுவார், மூடிமேல் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் ஒரு தட்டும் வார்டுக்குப் போகாது. ஒரே வேலையை நான் ஒருமுறை, அவர் ஒருமுறை. பெயர் மட்டும் அவருக்கு.

கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு நாற்பது வயதில் சொல்லிக்கொடுத்தார். காகிதத்தில் ஸ்டேப்ளர் பின்னைச் சாய்வாக அடித்திருக்கிறேன் என்று முப்பது பக்கத்தைப் பிரித்து மறுபடி அடிக்கச் சொன்னார். கழிப்பறைக்குப் போய்வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். என் கல்யாணத்தன்று மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை எடுத்தது என் மாமனார். மருந்து ஃப்ரிட்ஜின் சாவி எங்கே என்று அவரிடம் விசாரித்திருக்கிறார் மனிதர். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

வேறு வேலை தேடிக்கொண்டு போயிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நான் ஏன் போக வேண்டும்? அந்த மருந்துக் கிடங்கில் எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவேன். என்னிடம் குறை கிடையாது. என்னை நம்பாததுதான் குறை, அது அவருடையது. அதை அவர் தலையிலேயே திருப்பிக் கட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை.

போன வருஷம் ஒரு காலை. ஆறாம் தட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போன் பேசப் போனார். நான் மூடியைத் திறந்து ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்துவிட்டு வெள்ளை ஒன்றைப் போட்டு மூடினேன். அவர் வந்ததும், "சார், ஆறாம் தட்டை இன்னொருதரம் பாக்குறீங்களா, எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்றேன். திறந்து பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி மாத்திரையைப் பார்த்தார். "நான்தான் போட்டேனா?" என்று என்னைக் கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் என்னை அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. பரவாயில்ல சார், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன்.

பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. எதுவும் வெளியே போகவிடவில்லை. ஒவ்வொன்றையும் நானே கண்டுபிடித்து, நானே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை எண்ணினார், பிறகு ஐந்து முறை. கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொன்னதும் முகம் இன்னும் கறுத்துப்போனது.

அவர் மனைவி என்னிடம் பிரியமாகப் பேசுவார், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் போன் செய்து அழுதார். "பூட்டின கதவ திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்குறாரு தம்பி. வாசல்லயே ஒரு மணி நேரம் நிக்கிறாரு. பூட்டியிருக்கான்னு என்னையக் கேக்குறாரு. ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

"வேலை ஜாஸ்திக்கா. நான் கூடவேதான் இருக்கேன், நீங்க கவலப்படாதீங்க" என்றேன். கூடவே இருந்தது உண்மைதானே.

அத்தோடு விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். ஆனால் அவருக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார்கள். முப்பது வருஷத்தில் கிடங்கிலிருந்து ஒரு தவறுகூட வெளியே போகவில்லையாம். எப்படிப் போகும்? நான்தான் ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேனே. அந்த மேடையில் நிற்க அவருக்கு இருந்த தகுதி முழுக்க நான் போட்ட பிச்சை. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் கைகாட்டினார். "இவன நான்தான் உருவாக்கினேன். இன்னிக்கும் நான் பக்கத்துல நிக்கலேன்னா ஒரு மூடியக்கூட ஒழுங்கா மூட மாட்டான்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நர்ஸுகள், டாக்டர்கள், துடைப்பத்தோடு நின்ற ஆயாகூட. நானும் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் பதினான்காம் தட்டை மாற்றினேன். அவரைக் கூப்பிடவில்லை.

ஏன் பதினான்கு என்று நேற்று உங்களோடு இருந்த பெண் அதிகாரி கேட்டார். அந்தத் தட்டு வரிசையின் ஓரத்தில் இருந்தது, கைக்கு வசதி. வேறு காரணம் இல்லை. அந்தப் படுக்கையில் இருந்தது ஒரு தையல்கார அம்மா, கால் எலும்பு முறிவு. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. முந்தின நாள்தான் என் கோட்டில் அறுந்து தொங்கிய பொத்தானைக் கண்டு, "கழட்டிக் குடு தம்பி, இப்படியேவா திரிவ" என்று தைத்துக் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. நான் போட்டது சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை, கொஞ்சம் கூடுதலாகவே.

தட்டுவண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். அந்த அம்மா தட்டைத் திறந்து பார்த்தார். தையல்காரர்களுக்குக் கண் கூர்மை.

"என்னப்பா, இன்னிக்கு மாத்திரை அதிகமா இருக்கே? நெறமும் வேறயா இருக்கு."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் மூடியைத் திருப்பிப் பச்சைக் கையெழுத்தைக் காட்டினேன். "சார் பாத்துட்டாரும்மா. அவர் பாத்தா தப்பே இருக்காது. முழுங்குங்க" என்றேன். தண்ணீரும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் படுக்கை காலியாகிவிட்டது. அவருடைய மகள் காலில் செருப்புக்கூட இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கவில்லை.

விசாரணை வந்தது. மூடியைக் காட்டியதுமே சார் ஒப்புக்கொண்டார். தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும், என் கண்ணை நானே நம்புவதில்லை என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தானாகவே போலீஸுக்கு, உங்களிடம் வந்தார். அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். பச்சை மைப் பேனாவும் என் கைக்கு வந்தது. யாரும் என் பின்னால் நிற்கவில்லை. இந்த வழக்கு அப்படியே முடிந்திருக்கும், நீங்கள் யாரும் என் பக்கம் திரும்பியிருக்க மாட்டீர்கள்.

பிறகு ஏன் நானாக வந்தேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை, நேற்று உங்கள் முகத்திலேயே தெரிந்தது. மனசாட்சி உறுத்தியது என்று நினைக்க வேண்டாம். எனக்கு அப்படி எதுவும் உறுத்தவில்லை. அவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தீர்கள். கடைசி வரியைப் படித்தேன். 'என் உதவியாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் நான் சொன்னதை மட்டுமே செய்பவர்.'

என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்கிறீர்கள். இருக்கட்டும். பங்கு இல்லையாம். பத்து மாதம் யோசித்து, நாள் பார்த்து, கை நடுங்காமல் நான் தனியாகச் செய்த ஒரே காரியம், ஐயா. அவர் கிட்டேகூட வரவில்லை. அதையும் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். சிறைக்குப் போகிறபோதும் என் வேலைக்கு அவர் கையெழுத்தா? இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தையல்கார அம்மாவைக் கொன்றது நான். சாரைப் பைத்தியமாக்கியதும் நான். தூக்கோ ஆயுளோ, எதுவானாலும் என் பெயருக்கு வரட்டும்.

இந்த ஒன்பது பக்கத்தையும் யார் துணையும் இல்லாமல் நானே எழுதினேன். ஆறு தரம் திருத்தியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. அவரை இதே கட்டடத்தில்தானே வைத்திருக்கிறீர்கள்? இதை ஒருதரம் அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர் சொல்லிவிடுவார்.