சித்தி என்று கூப்பிட்டவள் எனக்கு உறவில்லை

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல்மாடியில் என் நாத்தனார், பெண்களுக்கு மட்டும் அறை வாடகைக்கு விடுகிறார். தெருவில் வந்து என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, பூட்டுக்காரம்மா என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். யாருடைய கட்டாயமும் இல்லாமல், நல்ல நினைவோடு சொல்கிறேன். மெதுவாகச் சொல்லும்படி ஸ்டேஷன் எழுத்தர் ஐயா சொல்கிறார். இன்னும் படபடப்பு அடங்கவில்லை, என்ன செய்ய?

மேற்படி அறைகளில் வேலை விஷயமாகத் தனியாக ஊருக்கு வருகிற பெண்கள்தான் தங்குவார்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போதே நான் சில விஷயம் சொல்லி அனுப்புவது வழக்கம். சுரங்கப்பாதையில் இறங்காதே, பழக்கடைப் பக்கமாகச் சுற்றி வா, நேரமானாலும் பரவாயில்லை என்பேன். எந்த விடுதி, எந்த அறை என்று பஸ்ஸில் யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்பேன். எவனாவது பின்னால் வந்தால் "காப்பாத்துங்க" என்று கத்தாதே, கத்தினால் கூட்டம் வேடிக்கைதான் பார்க்கும், அதனால் விளக்கு எரிகிற கடைக்குள் நுழைந்து கடைக்காரரை முறை சொல்லிக் கூப்பிடு என்பேன். ஆண் என்றால் சித்தப்பா, பெண் என்றால் சித்தி. கடைக்காரர்களிடமும் பேசி வைத்திருக்கிறேன். எந்தப் பெண் அப்படிக் கூப்பிட்டு நுழைந்தாலும், "வாம்மா, உங்க அம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க" என்று பதில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தால் பின்னால் வருகிறவன் நழுவிவிடுவான். எதிர்க்கடை சலூன்காரர் மட்டும் இந்த நாடகமெல்லாம் தனக்கு வராது என்று முரண்டு பிடித்தார். நான் விடுவேனா? அவர் கண்ணாடி முன்னாலேயே அவரை நிறுத்தி, மனப்பாடம் ஆகும்வரை சொல்ல வைத்தேன்.

முந்தாநாள் மாடிக்கு ஒரு பெண் வந்தாள். துணி ஆலையில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவள். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் போட்ட கனமான பையைத் தோளை விட்டு இறக்க மாட்டாள். வழக்கமாகச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையுமில்லை.

சம்பவ நாளான இன்று சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. ரிப்பேருக்கு வந்த ஒரு பெரிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிரே சலூனில் "சித்தி!" என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மெஷின்காரப் பெண், இவ்வளவு பெரிய மீசை வைத்த சலூன்காரரைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். பயத்தில் நாக்கு புரண்டுவிட்டது, பாவம். அவரும் கத்தியைக் கையில் பிடித்தபடி, ஒரு சொல் பிசகாமல், "வாம்மா, உங்க அம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதன் பிறகு அவள் பின்னாலேயே நுழைந்தவனைப் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவன் நழுவவில்லை ஐயா. நேராகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. என் பொண்டாட்டி. நீங்க வேலையைப் பாருங்க," என்று சிரித்த முகமாகச் சொன்னான். அவள் "இல்லை, இல்லை, இவன் யாருன்னே தெரியாது" என்று அலறினாள். நாற்காலியில் ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த பெரிய உடம்புக்காரர், "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சலூன்காரர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு ஒரு வரிதானே சொல்லிக் கொடுத்திருந்தேன்! வாசலில் ஒரு கார், ஓட்டுகிறவன் உள்ளே இருக்க, கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. அந்தக் காரில் ஏற்றிவிட்டால் அவள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நான் பூட்டைக்கூடக் கீழே வைக்காமல் தெருவைத் தாண்டி ஓடினேன். என்னைக் கண்டதும் அவள் "சித்தி" என்றாள். உடனே அவன் என் பக்கம் திரும்பி, கையைக் கூப்பி, "அத்தை, நீங்களாவது உங்க பொண்ணுக்குப் புத்தி சொல்லுங்க" என்றான். மனைவியின் சித்தியை அத்தை என்றுதானே கூப்பிட வேண்டும்? முறை பிசகவில்லை. அடப்பாவி, நான் கட்டிய நாடகத்திலேயே மாப்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்! வாசலில் கூடியவர்கள், "உங்க வீட்டு மாப்பிள்ளையாம்மா?" என்று என்னையே கேட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. நிஜமாகவே புருஷனாக இருந்தால்? புருஷனாகவே இருந்தாலும் கையைப் பிடித்து இழுக்க அவனுக்கு உரிமை கிடையாது, அது வேறு விஷயம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நான் குரலை இறக்கி, "கோவப்படாதீங்க மாப்பிள்ளை. கல்யாணத்துல பார்த்தது, அதான் சட்டுனு அடையாளம் தெரியல. எங்க அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க அத்தை. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

"கல்யாணத்துல நானும் அக்காவும் ஒண்ணாத்தானே நின்னோம்?"

"ஆமா அத்தை, பக்கத்துல பக்கத்துல. போட்டோகூட இருக்கு."

மாட்டிக்கொண்டான் ஐயா. தெருவே கேட்க, "யோவ், எனக்கு அக்காவே கிடையாதுய்யா! எங்க வீட்டுக்கு நான் ஒத்தைப் பொண்ணு! இவ எனக்கு யாருமே இல்லை! அப்ப நீ யாரு?" என்று கத்தினேன். அவன் முகம் செத்துவிட்டது. கை தளர்ந்தது. நான் அவளை வெளியே இழுத்தேன், சலூன்காரர் தானாகவே வெளியே குதித்தார், அவன் உள்ளே நிற்கும்போதே ஷட்டரை இறக்கிக் கையில் இருந்த பூட்டைப் போட்டேன். கார் பறந்துவிட்டது. அதன் எண்ணை ஜெராக்ஸ் கடைக்காரம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நுரையோடு இருந்தவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்பது அவர் உள்ளிருந்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்கு அவரிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். ஆனால் அவர்தான் அவனை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, நீங்கள் வரும்வரை அசையவிடாமல் பிடித்திருந்தார்.

நீங்கள் வந்த பிறகும் திறக்க நேரமானதால், நான் வேண்டுமென்றே அடைத்து வைத்ததாக அவன் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அந்தப் பூட்டு ரிப்பேருக்கு வந்தது. பூட்டினால் பூட்டிக்கொள்ளும், சாவி போட்டால் திறக்காது. அதுதான் அதன் வியாதி. அவசரத்தில் மறந்துவிட்டேன். கைவிளக்குப் பிடித்தது நீங்கள்தானே ஐயா, நான் வியர்த்து வழிந்ததைப் பார்த்தீர்களே. முடி வெட்டிக்கொள்ள வந்ததாகவும், யாரையும் மனைவி என்று சொல்லவில்லை என்றும் இப்போது சொல்கிறானாம். அவன் தலையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அதில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தப் பெண் எனக்கு என்ன உறவு என்று கேட்கிறீர்கள். ரத்த உறவு இல்லை, கொண்டு கொடுத்த உறவும் இல்லை. இரண்டு நாளுக்கு முன்னால் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவன் சொன்னது பொய் என்பதற்கு அதுதான் சாட்சி என்பதால், உறவு எதுவும் இல்லை என்றே அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவள் வெளியே பெஞ்சில், என் கடைச் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கொடுக்க வந்த காவலரிடம், "எங்க சித்தி உள்ள இருக்காங்க, அவங்க வந்ததும் குடிக்கிறேன்" என்று சொன்னது எனக்கு இங்கே கேட்டது. உறவு எதுவும் இல்லை என்ற அந்த வரியை மட்டும் அவள் காதுபட வாசிக்காதீர்கள்.

(ஒப்பம்)
பூட்டுக்காரம்மா