மார்னா பாலத்தை விட்டுப் போகவில்லை

பொம்மைக்குக் கண் வரைவதுதான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை. மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் ஒரு சின்ன அமைதி வரும். அந்த நேரத்தில் தூரிகை நுனியால் தொட்டு எடுத்தால் போதும். விரல் நீளம்கூட இல்லாத ஈயச் சிப்பாய் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். பொறுமைதான் வேண்டும். சார்ஜென்ட் ப்ரிடி, நீங்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டன்ஸ்டன் பெக் எங்கே இருக்கிறான் என்று சொல்லத்தான் நானாகவே வந்திருக்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

'சாம்பல் ஆறு' தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காதவர் இப்போது யார் இருக்கிறார்கள்? அதற்கு முன்பு அது ஒரு மேசை விளையாட்டு. எங்கள் இரண்டு பேருடையது. நாட்டிங்காமில், ஸ்னென்டன் சந்தைக்குப் பின்னால் எங்கள் கடை. முன்பக்கம் வண்ணக் குப்பிகளும் பகடைகளும் விற்போம். பின்னறையில் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருந்தோம். அதன்மேல் மலை, கோட்டை, ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம். போர் விதிகள் டன்ஸ்டன் எழுதியவை. பொம்மைகளைச் செதுக்கியது நான். எந்தப் பொம்மைக்கு என்ன பெயர், என்ன குணம் என்பதும் என் பாடு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் சந்தையில் புதினாச் சாறு ஊற்றிய பட்டாணியை வாங்கிக்கொண்டு, போட்ட சண்டையை வாயால் இன்னொரு தடவை போடுவோம். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு வாய்த்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாலத்தில் நிற்பவள் மார்னா. ஒற்றைக் கையால் கொடி பிடித்திருப்பவள். அவள் முகம் என் மனைவி வின்னியின் முகம். கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு அந்தப் பொம்மை. ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை உண்டு. மார்னாவின் அட்டையில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: 'மார்னா பின்வாங்குவதில்லை.' எதிரி எத்தனை பேர் வந்தாலும் சரி, பகடை எப்படி விழுந்தாலும் சரி, அவளை ஆடுகிறவர் அவளைப் பாலத்திலிருந்து நகர்த்தக் கூடாது.

ஒரு சனிக்கிழமை வின்னியே மார்னாவை ஆடினாள். நாங்கள் நாலா பக்கமும் வளைத்துவிட்டோம். அவள் பொம்மையை எடுத்துக் கரையோரக் கிராமத்தில் வைக்கப் போனாள்.

"இந்த ஒரு தடவ போகட்டுமே கிளைவ். பாவம், கால் வலிக்காதா அவளுக்கு?"

"அட்டையில என்ன போட்டிருக்குன்னு படி, வின்னி."

படித்தாள். சிரித்தாள். பொம்மையைத் திரும்பவும் பாலத்திலேயே வைத்தாள். டன்ஸ்டன் மட்டும் ஏனோ பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய அக்கா விட்பியில், கடலைப் பார்த்தாற்போல ஒரு விடுதி நடத்தினாள். அங்கே போய்க் கொஞ்ச காலம் இருக்கலாமா என்று வின்னி ஒருமுறை கேட்டாள். கடையை யார் பார்ப்பது என்றேன். அதுவும் சரிதான் என்றாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

லண்டனிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது வின்னி படுத்த படுக்கையாகிவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் மனமில்லை. டன்ஸ்டன்தான் கையெழுத்துப் போடச் சொன்னான்.

"மார்னாவ என்ன செய்வாங்களோன்னு இருக்குடா," என்றேன்.

"அவ மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான். நான் எதுக்கு இருக்கேன்?"

அந்தச் சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். படப்பிடிப்புக்குக் கதை எழுதி முடிப்பதற்குள் வின்னி போய்விட்டாள். டன்ஸ்டன் தயாரிப்பாளர்களில் ஒருவன் ஆனான். புது மேல்கோட்டு ஒன்று வாங்கினான். எனக்கு ஆலோசகர் என்று பெயர். உப்புக்குச் சப்பாணி. இடுப்புவாரின் கொக்கி பித்தளையா இரும்பா என்று கேட்பார்கள், சொல்வேன். மதில் எவ்வளவு உயரம் என்பார்கள், அதையும் சொல்வேன்.

பிறகு பாலத்துக் காட்சி வந்தது. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தோம். அதில் மார்னா கொடியை ஆற்றில் எறிந்துவிடுகிறாள். பாலத்தை விட்டு இறங்கி, கரையோரமாகவே நடந்து, கடலுக்குப் போகிறாள். கோட்டை விழுகிறது.

சாம்பல் ஆற்றின் வரைபடத்தில் கடலே கிடையாது என்று சுட்டிக் காட்டினேன்.

"வரஞ்சுட்டாப் போச்சு," என்றாள் இமோஜென். தலைமை எழுத்தாளர் அவள்தான், கெட்டிக்காரி. "அவ நிப்பான்னு மேசையில ஆடின அத்தனை பேருக்கும் தெரியும் சார். நடக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சா டிவி எதுக்குப் பாக்கணும்?"

நான் டன்ஸ்டனைப் பார்த்தேன். அவன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான். அது ஊறி உள்ளே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நீ வாக்குக் குடுத்தியேடா."

"குடுத்தேன். இல்லேங்கல. தனியாப் பேசுவோம் கிளைவ், இங்க வேணாம்."

அத்தனை பேர் எதிரில் என் மனைவியைக் கோழையாக்கினார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. கோட்டைக் கதவின் வண்ணம் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

தனியாகப் பேச வேண்டும் என்றானே, அதற்கு ஓர் இடம் கைவசம் இருந்தது. இங்கே மாட்லாக்குக்கு மேலே, மலையில் ஒரு பழைய ஈயச் சுரங்கம். கோட்டைக்கு அடியில் நடக்கும் காட்சிகளுக்காக அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே சுவர்களைப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை என்பதால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. என் வண்டியில்தான் போனோம். உள்ளே போன் எடுக்காது, ஈரத்தில் கெட்டுப்போகும் என்றேன். நான் சொன்னதைக் கேட்டு வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தான். என்மேல் அவனுக்கு நம்பிக்கை உண்டு.

விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போனான். நான் வெளியே நின்று கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை, தாழை மட்டும் இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பயப்படட்டும், இறங்கி வருவான், கதையை மாற்றச் சொல்வான் என்று நினைத்தேன். அதுவரை என் எண்ணம் அவ்வளவுதான். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"டேய், என்ன வெளையாட்டு இது? கெழட்டு வயசுல!" என்று சிரித்தான்.

"மார்னா நிக்கணும். இமோஜென்கிட்டச் சொல்றேன்னு சொல்லு."

அவன் கம்பிக்கு அருகே வந்தான். சிரிப்பு போய்விட்டது. கீழே பார்த்துக்கொண்டே பேசினான்.

"அது இமோஜென் யோசன இல்லடா. எனக்கும் தோணினது இல்ல. வின்னி கேட்டா."

நான் தாழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"புதன்கெழம நீ கடையப் பாத்துக்குவ, நான் ஆஸ்பத்திரிக்குப் போயி அவகூட ஒக்காந்திருப்பேன்ல? அப்பக் கேட்டா. 'டிவியிலயாவது அவள அந்தப் பாலத்துலேர்ந்து எறக்கி விடு டன்ஸ்டன். கிளைவ் விடமாட்டாரு. அவ போயி கடலப் பாக்கட்டும்'னா. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாளா முழிச்சுக்கிட்டிருந்தேன். சத்தியமாடா."

அப்போதுதான் பூட்டினேன்.

உயிருக்குப் பயந்தவன் எதையும் சொல்வான், சார்ஜென்ட். உங்கள் வேலையில் அதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் செத்துப்போனவளின் வாயில் சொற்களைத் திணிக்கலாமா? அதற்கு மன்னிப்பு உண்டா?

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அவன் தங்கை மேவிஸின் பெயரைச் சொன்னான். நான் வண்டியில் உட்கார்ந்து, குடுவையிலிருந்த தேநீரைக் குடித்துவிட்டு மலையிறங்கினேன். அவன் போன் லண்டன் ரயிலில் கிடைத்ததாகச் சொன்னீர்களே, அதை இருக்கையில் வைத்தவன் நான்தான். சுரங்கத்தின் கூரை இளகியிருக்கிறது, ஆளை இறக்கினால் ஆபத்து என்று கம்பெனிக்கு எழுதியவனும் நான்தான். அவர்கள் நல்லவர்கள்; கிடங்கு ஒன்றில் அட்டையால் சுரங்கம் கட்டிக்கொண்டார்கள். அங்கே மலைமேல் அதன் பிறகு யாரும் போகவில்லை.

யாரும் என்றால், என்னைத் தவிர. சில நாள் கழித்து ஒருமுறை போனேன். குரல் இருந்தது, ஆனால் அவ்வளவாக இல்லை. வெகு தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. சாவி என் கையில் இருந்தது. "வின்னி பத்திச் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கோடா, தெறந்துடறேன்," என்றேன். நியாயமாகத்தான் கேட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதுமே பிடிவாதக்காரன். ஆட்டத்தில் தோற்கும்போதுகூட ஒத்துக்கொள்ள மாட்டான்.

மேவிஸை நான் கைவிடவில்லை. வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன். குளிர்காலத்தில் அவள் வீட்டுக் கணப்பு கெட்டபோது நான்தான் சரிசெய்து கொடுத்தேன். அண்ணன் வந்தால் போட்டுக்கொள்வான் என்று அவனுடைய செருப்பைக் கணப்பு ஓரத்திலேயே வைத்திருக்கிறாள். "ஒங்களத் தவிர எனக்கு வேற யாரு கிளைவ் இருக்கா?" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

டன்ஸ்டன் இல்லாமல் இமோஜெனுக்கும் மனசு கேட்கவில்லை போல. அவன் ஞாபகமாக இருக்கட்டும், பாலத்துக் காட்சியை நீங்களே உங்கள் விருப்பப்படி எழுதுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. மார்னா பாலத்தை விட்டுப் போகவில்லை. அம்பு தைத்தும் விழவில்லை, கொடிக் கம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே செத்தாள். நாடே அழுததாகச் சொல்கிறார்கள். இனிமேல் அதை யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் இன்று வந்தேன்.

அவர் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நவம்பரில் பூட்டியது, இப்போது மே மாதம். சாவி இதோ. பூட்டு துருப்பிடித்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் கொண்டுபோங்கள். கதவுக்குப் பக்கத்திலேயேதான் இருப்பான். நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பொய்யை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்காதீர்கள்.

வின்னி அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாள். கேட்க வேண்டும் என்று இருந்திருந்தால் என்னிடம்தான் கேட்டிருப்பாள். நான் கூடாது என்றிருப்பேன், அவளும் சரி என்றிருப்பாள். கடைசி வரைக்கும் நாங்கள் அப்படித்தான் சந்தோஷமாக இருந்தோம்.