பதினான்காவது பிழை

என் எழுபதாம் பிறந்தநாள் மலருக்காக நீ எழுதியனுப்பிய வாழ்க்கைக் குறிப்பில் பதினான்கு பிழைகள் உள்ளன, நுனே. பதின்மூன்றைச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். பெய்ரூட்டில் நான் பாடகர் குழுவை நடத்தியது இருமுறை. நீ மும்முறை என்கிறாய். ஓரிடத்தில் 'மெல்கோன் மாமா' என்று நழுவவிட்டிருக்கிறாய். அச்சில் அது கூடாது. என் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டியிருக்கிறாய். அதை மட்டும் மனமில்லாமல் திருத்தினேன். ஆண்டும் அளவும் தவறாக அச்சேறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அலட்சியம் எங்கே தொடங்கினாலும் அயோக்கியத்தனத்தில்தான் போய் முடியும்.

பதினான்காவது பிழை உன் தந்தையைப் பற்றியது. நிலநடுக்கத்தில் எங்கள் இசைப்பள்ளி இடிந்து விழுந்த அக்கணமே அர்தாஷ் உயிர்நீத்தார் என்று எழுதியிருக்கிறாய். குற்றம் உன்னுடையதன்று. உன் தாயிடம் அவ்வாறு சொன்னவன் நான். அந்த ஆறுதலுக்கு நன்றியாக அவர் ஆண்டுதோறும் ஈஸ்டருக்குக் கத்தா ரொட்டி சுட்டு அனுப்பினார். நானும் மறுக்காமல் தின்றேன். வெண்ணெய் மணக்க, நன்றாகவே இருந்தது.

அந்நாளில் கியூம்ரியில் அந்தப் பள்ளிப் பாடகர் குழுவுக்கு உன் தந்தை தலைவர். நான் அவருடைய உதவியாளன். உதவியாளன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நாற்காலிகளை அடுக்குவதும், அவர் எழுதும் இசைத்தாள்களைக் குரல்வாரியாகப் படியெடுப்பதும், அவருக்குச் சளி பிடித்த நாள்களில் குழுவின்முன் நின்று கையை ஆட்டுவதும் என் பணி. அந்தக் கையாட்டலைப் பற்றி ஒரு நவம்பர் மாத ஒத்திகையில், முப்பத்திரண்டு பாடகர்களின் முன்னிலையில், செல்லமாக 'ஜான்' சேர்த்தே, அவர் ஒரு கருத்துச் சொன்னார்.

"மெல்கோன் ஜான், அந்தக் கையைக் கொஞ்சம் சட்டைப்பையில போட்டுக்கயேன். கூட்டம் தானாவே சரியாப் பாடிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வழக்கம்போல் அரைத்தாளம் பிந்தி. அவர் கூறியது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று வரவில்லை என்று எழுதுவதே துல்லியம்.

அம்மாதமே அவர் ஒரு திருப்பலி இசையை எழுதி முடித்திருந்தார். கோவில் என்றாலே ஆகாத அன்றைய அரசின் காதுக்குச் சங்கதி எட்டினால் வேலைக்கு ஆபத்து என்று வீட்டில்கூடச் சொல்லாமல், படியெடுக்க என்னிடம் மட்டும் கொடுத்தார். மூலப்படி அது ஒன்றே. டிசம்பர் ஏழாம் நாள் முற்பகல் பூமி அதிர்ந்தபோது அது என் பையில் இருந்தது. பையோடு நான் பணிநேரத்தில் வெண்ணெய் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். மாணவர்கள் பிற்பகலில்தான் வருவார்கள். ஆகவே கட்டடத்தில் உன் தந்தை மட்டும், ஒத்திகை அறையில், பியானோவோடு இருந்தார். உனக்கு அப்போது இரண்டு வயது.

மூன்றாம் நாள் பிற்பகல் எங்கள் பள்ளித் தெருவுக்கு ஒரே ஒரு கிரேன் வந்தது. மீட்புப் பணியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஊதல் ஒலித்ததும் எந்திரங்கள் நிற்கும். அழுபவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள். நல்ல காதுள்ள ஒருவர் இடிபாட்டின்மேல் குப்புறப் படுத்து, அடியில் குரல் உண்டா என்று கேட்பார். உண்டென்றால் தோண்டுவார்கள். இல்லையென்றால் கிரேன் அடுத்த இடத்துக்குப் போய்விடும். அதை ஓட்டிய முகுச் எங்கள் ஊர்க்காரன். சவப்பெட்டியின்மேல் உட்கார்ந்தும் கேலி பேசுகிற ஊர் எங்களுடையது.

"நீங்க படுங்க வாத்தியாரே. கொசு பாடினாலே என்ன சுருதின்னு சொல்ற ஆளாச்சே. நல்ல காதுன்னு ஊர்ல மிச்சமிருக்கிறது உங்களுது ஒண்ணுதான். வெண்ணெய் வரிசைக்குப் புண்ணியமாப் போகட்டும்."

படுத்தேன். கன்னத்தில் கல் சில்லிட்டது. ஊதல் ஒலித்தது. ஒத்திகை அறை இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அது உதவி கேட்கும் கூச்சலன்று. எங்கள் கோவில்களில் பாடுவோர் இரு பக்கமாக நிற்போம். ஒரு பக்கம் ஆதார சுருதியை இழுத்துப் பிடித்துக் காத்திருக்கும். மறுபக்கம் அதன்மேல் பாட்டை எடுக்கும். உன் தந்தை அந்தச் சுருதியைப் பிடித்திருந்தார். மேலே நிசப்தம் விழுந்ததும், பாடத் தெரிந்த எவனோ காது வைத்திருக்கிறான் என்று ஊகித்துவிட்டார். அறிவுள்ள மனிதர், அதுவே அவருக்கு வினையாயிற்று. வாய்விட்டுக் கூவியிருந்தால் முகுச்சுக்கே கேட்டிருக்கும். மூச்சை மிச்சப்படுத்தித் தாழ்ந்த குரலில் பிடித்ததால், பயின்ற காது ஒன்றுக்கு மட்டுமே எட்டியது. நாற்பது விநாடி நீடித்தது. நடுவில் ஒருமுறை மூச்செடுத்தார். மறுபக்கத்தை நான் எடுக்கவில்லை.

"என்ன வாத்தியாரே, ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"இன்னொரு தடவை ஊதச் சொல்லவா?"

"வேணாம். அடுத்த இடத்துக்குப் போங்க."

அடுத்த இடம் ஒரு ரொட்டிக் கூடம். அங்கே இரண்டு பெண்களை உயிரோடு மீட்டார்கள். ஒருவருக்குப் பதில் இருவர். இதில் குறை காண்பது கடினம். கல்லின்மேல் படுத்திருந்தபோது அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன்.

நிலநடுக்கத்துக்குப்பின் ஒன்பதாம் நாள் உன் தந்தையை எடுத்தார்கள். அவர் அருகே ஓர் ஆப்ரிகாட் ஜாம் பாட்டில், விரலால் வழித்துத் துடைத்தாற்போல் காலியாகக் கிடந்தது. முகுச் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"விழுந்த அன்னிக்கே போயிட்டாருன்னா, காலையிலயே ஒரு பாட்டிலை முழுசா முடிச்சிருப்பாரா வாத்தியாரே?"

இனிப்பென்றால் அவருக்கு உயிர் என்றேன். அதற்குப்பின் அவன் என்னிடம் கேலி பேசியதே இல்லை.

எஞ்சியவற்றை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய். நாடு விடுதலை பெற்ற இலையுதிர் காலத்தில் அந்தத் திருப்பலி இசை என் பெயரில் அரங்கேறியது. பதக்கம் வந்தது; பட்டம் வந்தது; குழுவோடு கடல் தாண்டினேன். பிறகு முப்பது ஆண்டுகளில் நானே பதினொரு படைப்புகளை எழுதினேன். அவற்றின் வறட்சியைத் துறவு என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். இடக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வலக்கையை விரலளவே அசைப்பது இன்று என் பெயரால் மாணவர்கள் பயிலும் பாணி. உன் தந்தையின் அறிவுரை வீண்போகவில்லை.

அந்தத் திருப்பலி இசையில் நான் எழுதியது தொடக்கம் ஒன்றே. பாட்டு எழுமுன் தாழ்ந்த ஆண்குரல்கள் தனியே ஆதார சுருதியைப் பிடித்து நிற்கும். நாற்பது விநாடி, நடுவில் ஒரு மூச்சு. பாரிஸிலும் பெய்ரூட்டிலும் அவ்விடத்தில் கண்கலங்காதவர் இல்லை. முதல் வரிசையில் நின்று பாடும் நீயும் ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய், பார்த்திருக்கிறேன். ஆகவே உன் தந்தையை நான் மறைத்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மேடையிலும் முதலில் குரல் எடுப்பவர் அவரே.

ஒன்றை மட்டும் மாற்றினேன். அன்று அவருடைய சுருதி சற்றே இறங்கியிருந்தது. மூன்று நாளாக ஜாம் மட்டுமே தின்றவர், குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் இத்தனை பேர் கேட்கும் இடத்தில் அர்தாஷ் தலைகுனியலாகாது என்று, அதைச் சரியான இடத்துக்கு உயர்த்தியே எழுதினேன். அவரை உயர்த்திவிட என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?